வியாழக்கிழமை நடக்காத ஆபரேஷன்

செவ்வாய்க்கிழமை பிற்பகல். வியாழன் காலை ஆபரேஷன். என் மேஜையில் இருந்த ரிப்போர்ட்டில் ஒரே ஓர் எண் மட்டும், இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு இருந்தது.

அப்போது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சியாளராக இருந்தேன். அதற்கு முன் ஆறு வருடம் எலும்புப் புற்றுநோய்ப் பிரிவில் வேலை. இங்கே சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களின் எலும்பு எப்படிப் பலவீனமாகிறது என்று பார்த்துவந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க, கிட்னி கொடுப்பவர்களிடமும் ரத்தம் எடுப்போம்.

அந்த ரிப்போர்ட் அமுதாவுடையது. முப்பத்திரண்டு வயது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. சதுரங்கப்பட்டினத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஏழுமலைக்குக் கிட்னி கொடுக்க வந்திருந்தார்.

ஏறியிருந்தது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி. கல்லீரலில் கோளாறு என்றாலும் ஏறும், எலும்பில் ஏதாவது நடந்தாலும் ஏறும். அவருடைய கல்லீரல் டெஸ்ட்டுகள் எல்லாம் சரியாக இருந்தன.

வார்டுக்குப் போனேன். ஏழுமலையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"எங்கயாவது வலி இருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

"கொஞ்சம் நடந்து காட்டுங்க."

நாலு எட்டு வைத்தார். இடது காலை ஊன்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். முழங்காலுக்கு மேலே தொட்டுப் பார்த்தேன். கெட்டியான வீக்கம், சூடாகவும் இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசமா கீது. நின்னுகினே வேல செய்றேன்ல, அதான்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "சொன்னா ஆபரேசன நிறுத்திடுவீங்க. டயாலிசிஸ் ஊசி குத்த அண்ணன் கையில எடமே இல்ல மேடம். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

என் அறைக்குத் திரும்பினேன். தலைமை சர்ஜனுக்குப் போன் செய்தேன்.

"ஒரு நம்பர் ஏறினதுக்கா கேஸை நிறுத்தச் சொல்றீங்க? டயாலிசிஸ் ஊசி குத்த அந்த ஆளு கையில இருக்கிறது இந்தக் கடைசி ஃபிஸ்டுலா ஒண்ணுதான். அதுவும் அடைச்சிக்கிட்டா யார் பொறுப்பு?"

"ஒரே ஒரு எக்ஸ்ரே சார். அது சரியா இருந்தா நானே வந்து மன்னிப்பு கேக்கறேன்."

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நின்றபோது இரண்டு பயம் இருந்தது. எலும்புப் புற்றுநோய் என்று நான் சந்தேகித்தது தப்பாக இருந்தால், வீணாகத் தள்ளிப்போகும் ஆபரேஷனால் ஏழுமலைக்கு ஆபத்து. சரியாக இருந்தால் அமுதாவுக்கு.

சரியாகத்தான் இருந்தது. தொடை எலும்பின் கீழ்முனை அரித்துப்போய், அதைச் சுற்றித் தாறுமாறாகப் புது எலும்பு வளர்ந்திருந்தது. ஆறு வருடம் பார்த்துப் பழகிய படம். சர்ஜன் அதைப் பார்த்தார். உடனே ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டு வியாழக்கிழமையை ரத்து செய்தார்.

ஏழுமலையிடம் அவரேதான் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் வாணாம் சார், மொதல்ல அவ காலப் பாருங்க." தங்கையிடம் திரும்பினார். "மூணு மாசமா வலிய வச்சிகினு என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ?"

"சொன்னா வாணாம்னுவ."



பயாப்சியில் எலும்புப் புற்றுநோய் என்று உறுதியானது. நுரையீரலுக்குப் பரவவில்லை. அவருக்குக் கொடுத்த கீமோ மருந்துகளில் ஒன்று கிட்னியைப் பதம் பார்க்கக்கூடியது. ஒரு கிட்னியோடு அதைத் தாங்குவது மிகவும் கஷ்டம். அவர் கிட்னியைக் கொடுத்திருந்தால், அதை உடல் ஏற்பதற்காக நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடப்போகும் அண்ணனுக்கும் அந்த நோய் போயிருக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அமுதாவின் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பிரிக்க எனக்குக் கை வராது.

இதற்கிடையே ஏழுமலையின் ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி தொற்றி இரண்டு நாள் ஐ.சி.யு.வில் கிடந்தார்.  ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருவரைக் கொன்றுவிட்டேனா என்றே அந்த இரண்டு நாளும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே பெரிய பாரமாக இருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கிட்னி அவருக்குக் கிடைத்தது. அமுதாவுக்குக் காலை எடுக்காமல், கெட்டுப்போன எலும்பை மட்டும் நீக்கி உலோக மூட்டு வைத்தார்கள். கம்பெனியில் இப்போது உட்கார்ந்து செய்யும் வேலை.

டோனர்களிடம் பேசப்போகும் இளையவர்களுக்கு இதைச் சொல்வேன். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். வலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'வலியைச் சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?' என்று கேளுங்கள்.