சேறு படிந்த பூட்ஸ்

பிஜியில் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு எங்கள் ஊர் லௌடோகாவில் பாதி மூட்டை கட்டியது. அந்த மூட்டைகளை வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் எங்கள் புது கம்பெனி. மொத்தமே மூன்று பேர். காலையில் படிவம் நிரப்புவேன், மதியம் வேன் ஓட்டுவேன், சாயங்காலம் பெட்டி ஒட்டுவேன். அலுப்பே தெரியாத வேலை.

ஒருநாள் என் பழைய துணிக்கடை முதலாளியம்மா வந்தாள். ஒரு சேலை காணவில்லை என்று, வாடிக்கையாளர்கள் முன்னால் என் பையைத் தரையில் கொட்டி, "திருடி" என்று துரத்தியவள். ஆக்லாந்தில் குடியேறப் போகிறாளாம்.

மண் ஒட்டிய பொருள் இருந்தால் நியூசிலாந்துத் துறைமுகத்தில் சோதனை அதிகாரிகள் எல்லாப் பெட்டியையும் பிரித்துவிடுவார்கள். அதனால் கழுவித் துடைத்துத்தான் கட்டுவோம். அவளுடைய தோட்டத்து பூட்ஸை மட்டும் சேறோடு பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். அவள் சாமான்களையும் நாலு பேர் முன்னால் கொட்டட்டும்!

இரண்டு மாதம் கழித்து போன் செய்தாள்.

"எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டிட்டாங்க. நீ வேணும்னே வெச்சதுன்னு தெரியும். ஆனா அதிகாரிங்ககிட்ட நான்தான் கழுவாம வெச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஒருவாட்டி உன் வேலையைப் பறிச்சது போதும்டீ."

திருடி என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.