குடும்பப் போட்டோவில் ஒரு மாமியார்

தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இ.எஸ்.ஐ. வேலை பார்க்கிறவனிடம் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு இது புரியும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் ஓசூரில் எனக்கு அப்படித்தான் போயின.

பிடித்தம்

லேத்தில் வேலை செய்த முனிராஜ் மாதாமாதம் சம்பளச் சீட்டோடு வந்து நிற்பான். வைத்தியத்துக்காகத் தொழிலாளியிடம் கொஞ்சம் பிடிக்கிறோம், கம்பெனி அதைவிடக் கூடுதலாகப் போடுகிறது, செலவில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்பான். கேட்டுவிட்டு, "எனக்குத் தும்மல்கூட வரல சார். என் பங்கை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க" என்பான்.

போட்டோ

ஒரு நாள் அவனே இ.எஸ்.ஐ. அட்டைக்குக் குடும்பப் போட்டோ கொண்டுவந்தான். அதில் மனைவியோடு ஒரு வயதான அம்மாளும் இருந்தார். "எங்கம்மா சார். ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் பண்ணலன்னா பார்வை போயிடுமாம்" என்றான். அந்த அம்மாளையும் கூட்டி வந்திருந்தான். பெயர் கேட்டேன். அவர் அவன் நின்ற பக்கம் திரும்பி, "ஏமி அடுகுதாரு, அல்லுடு?" என்று நான் கேட்டது என்னவென்று விசாரித்தார்.

தெலுங்கில் அல்லுடு என்றால் மருமகன் என்பது ஓசூரில் யாருக்குத்தான் தெரியாது? பெற்ற தாய்க்குத்தான் அட்டையில் இடம், மாமியாருக்கு இல்லை. போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அப்போது என் மனைவி இருந்தாள். "மாமியாரை அம்மான்னு பொய் சொல்ற மருமகன் ஊருக்கு ஒருத்தன் இருப்பானா? அவனையும் அனுப்பிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

லீவு

கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொன்னேன். ஆனால் கூட ஒருவர் தங்க வேண்டும். முனிராஜ் சம்பளத்தோடு லீவு கேட்டு சூப்பர்வைசரிடம் போனான். அவர் மதுரைக்காரர். "மாமியாருக்கா லீவு? எங்க ஊர்ல மாமியார் வந்தாத்தான்யா லீவு போட்டுட்டு ஓடுவோம்!" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்த மாமியார், கொடியில் காய்ந்த முனிராஜின் வேலைச் சட்டையைத்தான் முதலில் கையில் எடுத்துப் பார்த்தாராம். அவர் தெலுங்கில் கேட்டதை அவன் தமிழில் சொன்னான்: "இவ்வளவு கிரீஸா! துவைச்சுட்டேன்னு நான் குடுத்ததை எல்லாம் இப்படியேவா போட்டுக்கிட்டுப் போன, அல்லுடு?"

வைத்தியச் செலவில் யார் பங்கு எவ்வளவு என்று சட்டம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. யாருக்கு யார் அம்மா என்கிற இடத்தில்தான் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுகிறது.