ஐந்தாம் கல்லும் ஆறாம் கல்லும்

எங்கள் சமையலறையில், கரண்டிகள் கிடக்கிற லாச்சிக்குக் கீழே இன்னொரு லாச்சி. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் சட்டி தேய்க்கிற பச்சைத் தும்பு ஒன்று இருக்கிறது. பைக்கு மேலே கறுப்பு மையால் 5, 6 என்று எழுதியிருக்கிறது. எழுதியது ஐஸ்காரி. அவளுக்குப் பெயர் இருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையிலும் போட்டிருந்தது. நான் ஐஸ்காரி என்றுதான் மனதுக்குள் கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான் வருகிறது. அந்தத் தும்பு சட்டிக்கு அல்ல என்று மனைவிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவரை நான் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு நீளமாகக் கதைக்க வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வந்த மாதிரி எழுதுகிறேன்.

கொரோனாவின் இரண்டாவது வருடம். இருபது வருடத்துக்கு மேல் கோழித் தொழிற்சாலையில் நின்றவன் நான். அது ஆட்களைக் குறைத்தபோது ஒரு துப்புரவுக் கம்பனியில் சேர்ந்தேன். ஒருநாள் மேலாளர், பத்து நாள் வீட்டுக்குப் போகாமல் ஒரு விடுதியில் தங்கி வேலை செய்ய யாருக்கு விருப்பம் என்று கேட்டார். டென்மார்க்கின் யூலாந்துப் பக்கம் ஒரு பனி மண்டபத்தில் பெண்களுக்கான கேர்லிங் சர்வதேசப் போட்டியாம். பல நாடுகளிலிருந்து வருகிறார்களாம். உள்ளே போனவர்கள் போட்டி முடியும்வரை வெளியே வரக்கூடாது, வெளியே நிற்பவர்கள் உள்ளே வரக்கூடாது. நான் கையைத் தூக்கினேன். மனைவி பிராண்டேயில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நான் அங்கே இங்கே போய் வீட்டுக்கு நோயைக் கொண்டு வருவதைவிட, ஓரிடத்தில் அடைந்து கிடப்பது நல்லது என்று பட்டது. கேர்லிங் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மகள் போனில் ஒரு படம் காட்டினாள், டேனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, ஐஸுக்கு மேல தும்புத்தடியோட ஓடுறாளவை. கூட்டுறதுக்கும் உலகப் போட்டியோ? நான் முப்பது வருசமாக் கூட்டுறன், ஒரு கப் தந்தனீங்களோ?"

மண்டபத்துக்குள் ஆயிரம் கதிரைக்கு மேல் இருக்கும், ஒன்றிலும் ஆள் இல்லை. நீளமாக நாலு ஐஸ் தடங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் பதினாறு கற்கள், அணிக்கு எட்டு. ஒரு கல் இருபது கிலோ வரும். கல்லின் தலையில் ஒரு பிடி. நாலு பேர் கொண்ட அணி, ஆளுக்கு இரண்டு கல். ஒருத்தி கல்லைத் தள்ளி விடுவாள், அது மெல்லச் சுழன்றுகொண்டு மறுமுனையில் கீறியிருக்கிற வட்டத்துக்குப் போகும். இரண்டு பேர் முன்னால் ஓடி ஓடி ஐஸைத் தேய்ப்பார்கள். பார்வையாளர் இல்லாததால் அவர்கள் போடும் சத்தம் கூரையில் பட்டுத் திரும்பி வரும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கற்களின் பிடிகளை மருந்து போட்டுத் துடைப்பது என் வேலை. பிடி மட்டும் என்று முதல்நாளே சொன்னார்கள்.

ஐஸ் முழுக்க ஐஸ்காரியின் பொறுப்பு. முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட உயரம், அதிகம் கதைக்க மாட்டாள். நானும் அப்படி. ஆனால் எனக்கு அந்த விளையாட்டைப் பார்க்கப் பார்க்கக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் முதுகில் ஒரு தண்ணீர்க் கலம் கட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து நடந்து, ஐஸுக்கு மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளிப்பாள். வழுக்க வேண்டிய ஐஸை ஏன் சொரசொரப்பாக்குகிறாய் என்று கேட்டேன். குனிந்து தொட்டுப் பார் என்றாள். துளிகள் உறைந்து வேர்க்குரு மாதிரிச் சின்னச் சின்னக் குருவாக நின்றன. கல் அந்தக் குருக்களின் மேல்தான் போகிறதாம், மட்டமான ஐஸ் என்றால் பாதி வழியில் ஒட்டி நின்றுவிடுமாம். இறகு பிடுங்கின கோழியின் தோல் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அவள் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். மறுநாள் முதல், கோழித்தோல் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கலத்தைத் தூக்குவாள்.

மூன்றாம் நாள் ஒன்று கண்டேன். கைப்பிடிக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஐஸைத் தேய்த்துக்கொண்டு ஓடிய ஒரு பெண் சட்டென்று நின்று கையைத் தூக்கினாள். மற்றவர்களும் நின்றார்கள். அவர்களுடைய கல்லை அவர்களே எடுத்து ஓரத்தில் வைத்தார்கள். பிறகு ஆட்டம் தொடர்ந்தது. ஒரு சண்டையும் இல்லை. எனக்கு விளங்கவில்லை. ஐஸ்காரியிடம் கேட்டேன். அந்தப் பெண்ணின் துடைப்பம் ஓடுகிற கல்லில் பட்டுவிட்டதாம், பட்டால் அந்தக் கல் கணக்கில் வராதாம். யார் கண்டது என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றாள். கமராவில் பிடிபட்டதோ என்றேன். இல்லை என்றாள். அப்படியென்றால் ஏன் சொன்னாள்? ஐஸ்காரி என்னைப் பார்த்தாள். அவளுடைய துடைப்பம்தானே பட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முழுக்க அதையே யோசித்தேன். கோழித் தொழிற்சாலையில் ஒருமுறை யாருடையதோ கத்தியின் நுனி உடைந்து இறைச்சிக்குள் போய்விட்டது. இறைச்சி ஓடுகிற பட்டி நின்றது. மேற்பார்வையாளர் வரிசையில் எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். எனக்குப் பக்கத்தில் நின்றவனுடைய கத்தி என்று எனக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அது பொய் என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை. கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேட்டதுக்கு மேலே ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. இது நாங்கள் ஊரில் சோதனைச் சாவடிகளில் படித்தது. டென்மார்க்குக்கு வரும்போது அதையும் கொண்டுதான் வந்தோம்.

ஆறாம் நாள் மத்தியானம் நான் அந்தப் பிழையைச் செய்தேன். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே ஒரு மணித்தியாலம் இருந்தது. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இரண்டாம் தடத்தில் பிடிகளைத் துடைத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது, எப்படி இவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க ஆசை வந்தது. ஐந்தாம் இலக்கக் கல்லைக் கவிழ்த்தேன். அடி முழுவதும் ஐஸில் படுவதில்லை. குழிந்த நடுவைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு ஒடுங்கிய வளையம், அது மட்டும்தான் படுகிறது. வளையத்தில் சாம்பல் நிறமாக ஏதோ படிந்திருந்தது. கோழித் தொழிற்சாலையில் சோதனைக்கு வருகிற மிருக வைத்தியர் மேசைக்கு மேலே பார்க்கவே மாட்டார். குனிந்து அடியில் விரலை விட்டு இழுப்பார். விரலில் ஏதாவது வந்தால் அன்று எங்களுக்குக் கஷ்டகாலம். இருபது வருடம் அந்த விரலுக்குப் பயந்தவன் நான். மேலே துடைத்துவிட்டு அடியை விடுவது எனக்கு வராது. ஆசை கல்லைக் கவிழ்த்தது, பழக்கம் தேய்த்தது. சவர்க்காரம் போட்டு, பச்சைத் தும்பால் அழுத்தித் தேய்த்தேன். வளையம் மினுங்கியது. ஆறாம் கல்லையும் செய்தேன். ஏழாவதைத் தொட முன்பு கதவுப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

பின்னேர ஆட்டத்தில் அந்த இரண்டு கற்களும் நீலச் சட்டை அணியில் மூன்றாவதாக விடுகிற பெண்ணுக்கு வந்தன. அவள் விட்ட கல், மற்றக் கற்கள் வளைகிற இடத்தில் வளையாமல் நேராக வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடியும் விட்டாள், மறுபடியும் அப்படித்தான். அவள் கல்லைத் திருப்பிப் பார்த்தாள், பயிற்சியாளரிடம் ஏதோ சொன்னாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். தோற்றுவிட்டார்கள். எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் வெறும் கதிரைகளுக்கு நடுவே இருந்தாள். மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்து இழுத்து விட்டாள். அழுகிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

ஐஸ்காரியிடம் என்னவென்று கேட்டேன். கல் பழுது என்கிறாளாம், ஒருவரும் நம்பவில்லையாம். காலையில் வேறொரு அணி அதே கற்களால் நன்றாக விளையாடியதே என்கிறார்களாம். தோற்றவள் கல்லைக் குறை சொல்கிறாள் என்று சொந்த அணியே நினைக்கிறதாம். நாளை மத்தியானம் அவர்களுக்குக் கடைசி வாய்ப்பு, அதில் அவளை வெளியே இருத்திவிட்டு வேறொருத்தியை இறக்கப் போகிறார்களாம். எந்தக் கற்கள் என்று கேட்டேன். ஐந்தும் ஆறும் என்றாள்.

நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறைக்குப் போய் மனைவிக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"உங்களை ஆரும் கேட்டவையோ?"

"இல்லை."

"பிறகென்ன? கேட்டாச் சொல்லுங்கோ. கேக்காட்டி விடுங்கோ. வெளிநாட்டுக்காரன் கல்லைப் பழுதாக்கிப் போட்டான் எண்டு பேப்பரில வந்தா, பிறகு உங்களை ஒரு கம்பனியும் எடுக்காது. நாலு நாள்தானே கிடக்கு. பேசாமல் இருந்திட்டு வாங்கோ."

அவள் சொன்னதில் பிழை இல்லை. நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பெண் கல்லைத் திருப்பிப் பார்த்தது கண்ணுக்குள் நின்றது. அவள் சொன்னது உண்மை. அது உண்மை என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

காலையில் ஐஸ்காரி கலத்தை முதுகில் கட்டும்போது போனேன். கை தானாக மேலே போய்விட்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. நான் தேய்த்தேன் என்று சொன்னேன். எதை என்றாள். சொன்னேன். கலத்தைக் கழற்றி வைத்தாள். இரண்டாம் தடத்துக்குப் போய், ஐந்தாம் கல்லைக் கவிழ்த்து, கையுறையைக் கழற்றினாள். ஒருவரும் எதையும் வெறும் கையால் தொடாத காலம் அது. அவள் வெறும் விரலால் அந்த வளையத்தைச் சுற்றி மெல்லத் தடவினாள். பிறகு ஏழாம் கல்லைக் கவிழ்த்துத் தடவினாள். என்னையும் கையுறையைக் கழற்றச் சொல்லி, என் விரலைப் பிடித்து முதலில் ஏழிலும் பிறகு ஐந்திலும் வைத்தாள். ஏழு பூனையின் நாக்கு மாதிரி இருந்தது. ஐந்து அப்படி இல்லை. அந்தச் சொரசொரப்பு அழுக்கு அல்ல, அளந்து வைத்தது. அவள் கோபிக்கவில்லை. எதால் தேய்த்தாய் என்று மட்டும் கேட்டாள். தும்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தாள், பையில் போட்டாள், இலக்கங்களை எழுதினாள். வா, நடுவரிடம் போவோம் என்றாள்.

நடுவர் எழுதிக்கொண்டார். நேற்றைய ஆட்டம் முடிந்தது முடிந்ததுதான் என்றார். இரண்டு கற்களையும் எடுத்துவிட்டு, உபரிக் கற்கள் இரண்டை வைத்தார்கள். பிறகு நீலச் சட்டைப் பெண்ணையும் அவள் பயிற்சியாளரையும் கூப்பிட்டார்கள். இரண்டு மீற்றர் தள்ளி நின்று நான் டேனிஷில் சொன்னேன், ஐஸ்காரி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் முதலில் பயிற்சியாளரைத்தான் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள். ஏன் அடியைத் தேய்த்தாய்? அழுக்கு அங்கேதானே இருக்கும் என்றேன். சிரித்தாளா, கோபித்தாளா, மாஸ்க்குக்கு மேலே தெரியவில்லை. அவள் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒருநாள் பிந்தித்தானே சொன்னேன்.

என்னை மண்டபத்திலிருந்து எடுத்து விடுதிப் பக்கக் கழிவறைகளுக்கு மாற்றினார்கள். அது சரி. மத்தியான ஆட்டத்தின்போது வாளியோடு மண்டபத்தின் பின்கதவடியில் நின்றேன். கண்ணாடி இல்லாத கதவு. கல்லும் கல்லும் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. எந்தச் சத்தம் அவளுடையது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. முடிந்ததும் ஐஸ்காரி வெளியே வந்தாள். விளையாடினாளா என்று கேட்டேன். விளையாடினாள் என்றாள். வென்றார்களா? தோற்றுவிட்டார்கள் என்றாள். வாளியைத் தூக்கினேன். அவளால் இல்லை என்று பின்னாலிருந்து சொன்னாள்.

கடைசி நாள் அந்தப் பையை என் கையில் தந்தாள். உன்னுடைய சாமான் என்றாள். அவ்வளவுதான். பிறகு நான் அவளைக் காணவில்லை. கம்பனி என்னை நிறுத்தவும் இல்லை, பேப்பரில் வரவும் இல்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு செய்கிறேன். கதிரைகளைக் கவிழ்த்து அடியைத் துடைக்க முன்பு, இது துடைக்கிற அடியா என்று ஒருமுறை தடவிப் பார்ப்பேன்.

போன மாதம் தொலைக்காட்சியில் கேர்லிங் போனது. மனைவி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தாள். ஆட்டத்தின் நடுவே ஒருத்தி நின்று கையைத் தூக்கினாள், கல்லை எடுத்து வைத்தார்கள். என்ன நடந்தது என்று மனைவி கேட்டாள். சொன்னேன்.

"ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை."

அவள் இன்னொரு வெங்காயம் எடுத்தாள். அதை உரிக்காமல் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இஞ்சாருங்கோ."

"ம்."

"உந்தப் பைக்குள்ள கிடக்கிற தும்பை நான் ஒருக்கா எடுத்தனான். போன பொங்கலுக்கு. பானை அடிப்பிடிச்சுப் போச்சு, வீட்டில வேற தும்பு இல்லை. தேய்ச்சுக் கழுவிக் காயவிட்டுத் திருப்பி வைச்சிட்டன்."

நான் எழும்பிப் போய் லாச்சியைத் திறந்தேன். பையை வெளியே எடுத்தேன். மேலே பார்த்தால் அதே பச்சை. இத்தனை நாளும் அப்படியே பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். எதையும் கவிழ்த்துப் பார்க்கிற நான் இதைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தேன். அடிப்பக்கத்தில் ஒரு மூலை தேய்ந்து, சர்க்கரை கருகின நிறத்தில் இருந்தது.

திரும்பி வந்து இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் உம்மைக் கேக்கேல்லையே," என்றேன்.

"நான்தானே தேய்ச்சனான்," என்றாள், வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினாள்.