கம்பியில்லாத கணக்கு

2003இல் சாயிமாவுக்கு முப்பத்தேழு வயது. ரங்கூன் கல்லூரியொன்றில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள், அதை விட்டு ரயில் சிக்னல் அமைக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். டீச்சராக இருந்ததால் எல்லாரும் அவளை, பர்மிய மொழியில் டீச்சரம்மா என்று பொருள்படும் 'சயாமா' என்றே கூப்பிட்டார்கள்; முதலாளியை, ஐயா என்பதுபோல, 'சயா' என்பார்கள். முதலாளி அருணாசலம் மட்டும், வெளியாள் வந்தால், "நம்ம விஞ்ஞானி" என்று காட்டிப் பெருமையடித்துக்கொள்வார்.

தண்டவாளம், விளக்கு, வண்டி எல்லாவற்றையும் கணித வாக்கியங்களாக எழுதிக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. நடக்கக்கூடிய ஒவ்வொரு நிலையையும் அது துருவிப் பார்க்கும். எதிலும் இரண்டு வண்டிகள் மோதாது என்று வந்தால் அவள் கையெழுத்துப் போடுவாள். புதுச் சந்திப்பு நிலையம் திறக்கும். ஜோசியர் திறப்பு நாளைக்கூடக் குறித்துவிட்டார்.

நிலையத்துக்கு நேரில் போனபோதுதான் அந்தப் பாதை ஊழியர்களின் பழைய வழக்கம் தெரிந்தது. மேலிடத்தாரின் தனி வண்டி சிவப்பு விளக்குக்கு நிற்பது அவர்களுக்கு அவமானம், ஊழியர்களுக்கு வேலைநீக்கம். அதனால் அந்த வண்டி வரும் நாளில் சிக்னல் பெட்டிக்குள் செப்புக் கம்பியைச் சொருகி, விளக்கைப் பச்சையிலேயே நிறுத்திவிடுவார்கள். சாயிமா கம்பியையும் கணக்கில் சேர்த்தாள். கணினி தனி வண்டியையும் சந்தைக்காரிகளின் பயணிகள் வண்டியையும் ஒரே பாதையில் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தியது.

அருணாசலம் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார். "சயாமா, கம்பி விதிப்புத்தகத்துல இருக்கா?"

"இல்ல சயா. பெட்டியில இருக்கு."

"புத்தகத்துல இல்லாதது நமக்கு எதுக்கு? கணக்குல இருந்து எடுத்துடுங்க."

கம்பி சொருகாத நாட்களில் மட்டும் பாதுகாப்பானது என்று எழுதினால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள்.

"அப்படி எழுதினா கம்பி இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

"ஆகும். அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்."

வேறொருவரை வைத்துக் கணக்கிலிருந்து கம்பியை அழித்தார்கள். கணினி உடனே பாதுகாப்பு என்றது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலதிகாரிக்கு யாருமே பயப்படாத ஒரு ரயில் நிலையத்தைப் பற்றி அதனிடம் கேட்டார்கள்; அப்படியொன்று இந்த நாட்டில் இருந்தால் அங்கே மோதல் வராதுதான். அருணாசலமே கையெழுத்துப் போட்டார். சாயிமாவை இனி வர வேண்டாம் என்றார்.

திறப்பு விழாவன்று கம்பியைச் சொருகினார்கள். அருணாசலம் நிலைய அதிகாரியைத் தனியே அழைத்து, தனி வண்டி போகும்வரை பயணிகள் வண்டியை முந்தைய நிலையத்திலேயே நிறுத்தி வைக்கச் சொன்னார். சந்தைக்காரிகள் வாடும் கீரையோடு வெயிலில் கிடந்தார்கள். இவர் மேடையேறி, இந்த நிலையத்துக்குக் கணிதமே உத்தரவாதம் என்று முழங்கினார்.

அடுத்த வாரம் சாயிமா ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கினாள்.