முகத்தைத் திருப்பிக்கொண்டவள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபம் வந்தால் கையும் ஓடும், வாயும் ஓடும். எது முதலில் ஓடியது என்று எனக்கே தெரியாது. இது என் தங்கையை நான் அடித்த கதை. அடித்துவிட்டுச் சொன்ன ஒரு சொல்லின் கதை என்றுதான் இருபது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி கோர்வைத் தறி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே நெய்ய வேண்டும் என்பதால் ஓர் ஆளால் ஆகாது. நடுவில் நான் உட்காருவேன். எனக்கு வலப்பக்கத்தில், தோள் இடிக்கிற தூரத்தில், தங்கை. கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவை அவள் தள்ளுவாள், உடலுக்கானது என் கையில். இரண்டு பேர் கையும் ஒரே மூச்சில் போனால்தான் கரை உடலோடு சேரும்.

தறியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனால் கையும் காலும் தானாக ஓடத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயில் பட்டின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். மணியோசை கோயிலிலிருந்து வருகிறதா, தறிக்குள்ளிருந்தே வருகிறதா என்று பிரிக்க முடியாது. எதிரே ஓடுகிற சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் அம்மா கட்டியிருந்த புடவை ஒன்று அதற்குள்ளிருந்து மேலே வரும், முகம் மட்டும் வராது. தங்கையைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது ஆறு வயது. இடுப்பு நோக நோகத் தங்கையைத் தூக்கி வளர்த்தவள் நான்தான்.

அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது ஒரு முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. இரண்டு நாளில் கொடுத்தாக வேண்டும். எனக்கு வருகிற அதே மயக்கம் அவளுக்கும் வந்திருக்கிறது. கை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தது, ஆனால் இழை இழையோடு கோத்துக்கொள்ளவில்லை. நான் குனிந்து பார்க்கும்போது ஒரு சாண் ஓடிவிட்டிருந்தது. கரைக்கும் உடலுக்கும் நடுவில் என் விரல் நுழைந்தது. கல்யாணப் பெண்ணின் புடவையில் ஓட்டை.

நான் எழுந்தேன். அவளும் பயந்துபோய் எழுந்து என் எதிரே நின்றாள். வலது கையை ஓங்கிப் பளாரென்று வைத்தேன். கன்னத்தோடு காதும் சேர்ந்து வாங்கியது. அதோடு விட்டேனா, பாவி. வாய் திறந்துவிட்டது.

"அம்மாவ முழுங்கிட்டுப் பொறந்தவதானே நீ."

அவள் இடது காதைப் பொத்திக்கொண்டு என் வாயையே பார்த்தாள். அழவில்லை. பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்த ஒரு சாணையும் இழை இழையாகப் பிரித்து மறுபடி நெய்தோம். புடவை சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வேறு ஆளாகிவிட்டாள். முதலில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாள். கேட்டால் சளி என்றாள். சளியாவது மண்ணாவது, என் குரலே காதில் விழக்கூடாது என்று வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். எதிரே நின்று பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், தாடையும் காதும்தான் எனக்குத் தெரியும். அப்படியே நின்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, சரி கா என்று ஒரு வார்த்தையோடு போய்விடுவாள். முகம் கொடுத்துப் பேசுவது நின்றுபோயிற்று.

தெருக்குழாயில் பெண்கள் யார் வீட்டுச் சண்டையையாவது பேசும்போது, அடித்தது பெரிதா திட்டியது பெரிதா என்று பேச்சு வந்தால் நான் விடமாட்டேன். அக்கா தங்கை அடித்துக்கொள்ளாத வீடு எது, அடித்த இடத்தில் நாலு நாள் தைலம் தேய்த்தால் போயிற்று, வாயால் சொன்னதை எதைப் போட்டுத் தேய்ப்பது என்று சத்தம்போட்டுப் பேசுவேன். அத்தனை உறுதி எனக்கு. அடித்ததை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. சொன்ன சொல்தான் எந்நேரமும் கூடவே இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மன்னிப்புக் கேட்கவில்லையா என்றால், கேட்டேன். அவள் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, தறி ஓடிக்கொண்டிருக்கையில். எதிரே நின்று கேட்கத் துணிச்சல் இல்லை. கண்ணைப் பட்டின் மேல் வைத்துக்கொண்டு, அன்னிக்குச் சொன்னதை மனசுல வெச்சிக்காத, என்னை மன்னிச்சிடு என்று சொன்னேன். ஒரு வருஷமாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அவள் கை நிற்கவில்லை. நாடாவைத் தள்ளினாள், அடுத்ததுக்குக் காத்திருந்தாள், மறுபடி தள்ளினாள். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வளர்த்தவள் வாய்விட்டுக் கேட்கிறேன், அவ்வளவு திமிரா என்று தோன்றிவிட்டது. அன்றோடு தறியில் பேசுவதை நானும் விட்டேன்.

அவள் கல்யாணம் ஆகி இரண்டு தெரு தள்ளிப் போனாள். மகள் பிறந்தாள். ஆனாலும் சமையலை முடித்துக்கொண்டு தினமும் தறிக்கு வந்துவிடுவாள். இவ்வளவு கோபம் இருப்பவள் ஏன் வருகிறாள் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் தறிப் பலகையில் இரண்டு தட்டுவேன், நிறுத்துவாள். அந்தத் தட்டு பலகை வழியாக அவள் கைக்குப் போய்ச் சேரும். மற்றபடி அந்த அறையில் தறியின் சத்தம் மட்டும்தான். அதற்குள் உட்கார்ந்து நான் அவளோடு எவ்வளவோ பேசியிருக்கிறேன், எல்லாம் மனத்துக்குள். சில நாள் கனவில் அவள் என் எதிரே முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விழித்ததும் அவள் வந்துவிட்டாளா என்று வாசலைப் பார்ப்பேன்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் பெருமழை. ஈரத்தில் தறியில் கட்டிய பாவு நூல் தளர்ந்துவிடும், நெய்ய முடியாது. வீட்டுக்கும் போக முடியாமல் அவள் தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு ஒருக்களித்துப் படுத்தாள். நானும் கொஞ்சம் தள்ளிப் படுத்தேன். அறை முழுக்க மழையின் சாம்பல் வெளிச்சம். தறி நின்றுவிட்டால் எங்கள் வீடு எங்கள் வீடு மாதிரியே இருக்காது, தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருக்கும். அவள் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் கண்ணை மூடினேன்.

அவளுடைய போன் அலறியது. தலைமாட்டிலேயே, காதிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. அவள் அசையவில்லை. நின்று மறுபடி அடித்தது. கல்லூரிக்குப் போன மகள். மழையில் மாட்டிக்கொண்டாளோ என்று நான் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். உரக்கக் கூப்பிட்டேன். வெளியே இடி இடித்தது, அதற்கும் அவள் அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். சட்டென்று எழுந்து உட்கார்ந்தவள், போனைப் பார்த்ததும் வலது காதில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மகளிடம் சாவகாசமாகப் பேசினாள். காதில் விழவே இல்லையா என்று கேட்டேன்.

"நல்ல காது தலகாணியில இருந்துச்சு கா. இது கேக்காது." இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

எப்போதிலிருந்து என்றேன். சாதாரணமாகச் சொன்னாள். கோர்வை விட்டுப்போன அன்றைக்கு அறை வாங்கினாளே, அப்போது காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம் வந்ததாம். அதோடு சரி. அப்புறம் சீழ் பிடித்து, பஞ்சு வைத்து, கல்யாணத்துக்குப் பிறகு டாக்டரிடம் போனபோது ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று அவர்கள் வாயைக் கட்டி வைத்திருக்கிறாள்.

தறியில் அவளுடைய இடது காதுதான் என் பக்கம். எதிரே நின்று பேசினால் அவள் முகத்தைத் திருப்பியது வலது காதை எனக்குக் கொடுக்கத்தான். நான் கேட்ட மன்னிப்பு போன இடம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் கையைப் பார்த்தேன். தைலம் தேய்த்தால் போய்விடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, இந்தக் கைதான்.

"நீதான் எங்கூட பேசறத வுட்டுட்ட" என்றாள். "கோர்வைய வுட்டுட்டேன்னு இத்தினி வருஷமா கோவமா இருக்குறியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒரு நாளு ஆறும், பேசுவன்னுதான் தெனமும் வந்தேன்."

அவளே மறுபடி ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு அடிச்சிட்டு என்னாமோ சொன்ன இல்ல? வாய் அசைஞ்சுது. ஒண்ணுமே வெளங்கல. என்னா கா சொன்ன?"

அவளுக்கு ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. அந்தச் சொல்லை இருபது வருஷமாகச் சுமந்தவள் நான் ஒருத்திதான். இறக்கி வைத்துவிடவேண்டும் போல் இருந்தது. சொல்லிவிட்டு அவள் காலைப் பிடித்து அழுதுவிட்டால் என் பாரம் தீரும். அவள் முகத்தில் ஒரு சின்ன ஆசை இருந்தது, பழைய சண்டையை இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசிச் சிரிக்கலாம் என்பது போல. என்னை விட்டால் அவளுக்கு அம்மா என்று வேறு யாரும் இருந்ததில்லை. தன்னால்தான் அம்மா போனாள் என்று அவளிடம் யாருமே சொன்னதில்லை, அன்றைக்கு நான் சொன்னதைத் தவிர.

"இந்தப் பக்கமா வந்து சொல்லு" என்று முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள்.

நான் பாயில் நகர்ந்து அந்தப் பக்கம் போனேன். நரைத்த முடியைக் காதிலிருந்து ஒதுக்கினேன். என் மூச்சு பட்டுக் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"கழுதைன்னு சொன்னேன்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"கழுதைன்னுதானே சொன்ன. அதுக்கு எதுக்கு கா இப்டி அழுவுற?"