பாதி மாத்திரை டப்பா

என் புருஷனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயமே சொன்னது. பேயாவது பிசாசாவது! எனக்கு அப்போது இருபத்தொரு வயது. வாசலில் குறுக்கே நின்று பூசாரியை உள்ளே விடவில்லை.

இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்த எங்களை நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. அங்கே மலேரியா வராத ஆளே கிடையாது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தி, மீதியை டப்பாவில் போட்டு வைப்போம். அடுத்த கப்பல் எப்போது வரும் என்று யார் கண்டது? அடுத்த காய்ச்சலுக்கு ஆகுமே என்கிற கெட்டிக்காரத்தனம். எங்கள் வீட்டு டப்பா என் பொறுப்பில் இருந்தது.

அவருக்கும் காய்ச்சல் விட்டது, நானும் நிறுத்தினேன். நாலாம் நாள் காலையில் ரப்பர் பால் வெட்டப் போனவர் மரத்தடியிலேயே விழுந்தார், கைகால் இழுத்துக்கொண்டது. தூக்கி வந்து கிடத்தினார்கள். கண் திறந்துதான் இருந்தது, என்னை யாரென்று தெரியவில்லை.

"காட்டுல எதுவோ அண்டிருச்சு புள்ள. பூசாரி வேப்பிலை அடிக்கட்டும்" என்றார் மாமியார்.

"அடிக்கிறதுன்னா என்னைய அடிக்கட்டும். இவரைத் தூக்குங்க!"

போர்வையில் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். விரலில் குத்தி ரத்தம் பார்த்தவர் மலேரியா இல்லை என்று கையை விரித்தார். வங்காளி டாக்டர் என்னைப் பார்த்து, "தாரு பீத்தா ஹை க்யா?" என்றார். குடிக்கிறாரா என்று! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை முழுதும் கொடுத்தாயா என்பது அடுத்த கேள்வி.

மாமியார் முந்திக்கொண்டு, "எல்லாம் குடுத்தோம் சாப்" என்றார். என் காதில், "வாயத் திறக்காத. மருந்தைத் திருடி வச்சோம்னு ஆயிரும்" என்று கிசுகிசுத்துக் கிள்ளினார்.

மானம் போனால் போகட்டும், உயிர் போகக் கூடாது. மடியில் செருகியிருந்த டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தேன். "நஹி சாப். ஆதா. மைனே ரோக்கா" என்றேன். பாதிதான் கொடுத்தேன், நிறுத்தியது நான்தான்.

டாக்டர் கத்தின கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஆனால் உடனே மலேரியாவுக்கான கொய்னா மருந்து நரம்பில் ஏறியது.

அப்புறம் தணிந்து விளக்கினார். கிருமி மூளையின் சின்ன ரத்தக் குழாய்களில் போய் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம், அதனால்தான் விரல் ரத்தத்தில் அகப்படவில்லையாம். சுவரும் சும்மா இராதாம். கிருமிக்குப் பிடி கொடுத்து, தானும் புண்பட்டுக் கசிய, மூளை வீங்குமாம். பால் பிடிக்கும் கோப்பையில் ஒட்டிக் காய்ந்த ரப்பர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கோப்பை கசியாதே! உடம்பின் சுவரே உடம்பைக் கெடுக்குமா என்று கேட்டேன். கெடுக்கும் என்றார். என் புருஷனுக்குச் சுவராக இருக்க வேண்டிய நானும் அதைத்தானே செய்திருக்கிறேன்.

இரண்டு நாள் நான் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். மாமியார் ஓடிவந்து, "இவதான்டா மாத்திரைய நிறுத்தி உன்னக் கொல்லப் பார்த்தவ!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஆமா மாமி. நிறுத்தினவளும் நான்தான், அதைச் சொன்னவளும் நான்தான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். யாரென்று தெரிகிறதா, இல்லையா?

"சத்தம் போடாதம்மா. அது என் பொஞ்சாதி" என்றார்.