சமாதி நீங்கலாக

அறுபத்தாறில் பொங்கல் கழிந்த ஒரு காலையில், அத்தை வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். சண்டையில் பிடித்த இடங்களை இரண்டு நாடுகளும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய கோட்டுக்கே போகும் என்று போட்டிருந்தது. முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தி, "அந்த மலையுமா அப்பு?" என்று கேட்டார். "அதுவுந்தான் அத்தை" என்றேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் மானாவாரி வெள்ளாமை. ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். முந்தைய வருடச் சண்டையில் அந்த மலையைப் பிடிக்கும்போது இறந்து, அங்கேயே அடக்கமாகிவிட்டான். கூட இருந்த சிப்பாய் ஒருவர் லீவில் வந்து சொல்லித்தான் அந்த இடம் எங்களுக்குத் தெரியும்.

நான் திண்டுக்கல்லில் சரித்திர வாத்தியார். வாய் சும்மா இருக்குமா? இது நாடு பிடிக்க நடந்த சண்டை இல்லை, உள்ளே வந்தவனைத் தடுக்க நடந்தது, தடுத்தாயிற்று, இனி அவரவர் கோட்டுக்குள் நின்றால்தான் எல்லைக்கு மரியாதை என்று வகுப்பில் சொல்வதையெல்லாம் சொன்னேன். அத்தை மறுக்கவில்லை. "சரிதான். அவன் கெடக்குற எடத்த நீக்கித்தான குடுத்திருப்பாக?" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. செத்தவர்களைச் சொந்தக் காட்டில் புதைத்திருந்தால், அதை விற்கும்போது 'சமாதி நீங்கலாக' என்று பத்திரத்தில் எழுதி, போய்வர வரப்பில் பாதையும் கேட்டு வாங்கிக்கொள்வோம். மாமாவை அடக்கம் செய்த கடலைக்காட்டை அத்தை அப்படித்தான் விற்றார். வாங்கியவர் அந்தப் பக்கம் மாட்டைக்கூடக் கட்டுவதில்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் அப்படி ஆறடியை நிறுத்திவைத்துக்கொள்ள முடியாது என்று மென்று விழுங்கிச் சொன்னேன்.

"பாதையுமா கேக்கல?"

"இல்ல அத்தை."

அவர் முறத்தை எடுத்து மறுபடியும் கடலையைப் புடைக்க ஆரம்பித்தார்.

மாசியில் பங்காளிகள் கூடி, வருடா வருடம் கும்பிட ஓர் இடம் வேண்டாமா, மாமா சமாதிக்குப் பக்கத்திலேயே மகனுக்கும் ஒரு கல் நட்டுவிடலாம் என்றார்கள். வண்டியில் கல்லும் வந்து இறங்கிவிட்டது. எனக்கும் அது சரியென்றே பட்டது. அத்தை ஒரே பிடியாக மாட்டேன் என்றார்.

"இங்க கல்லு நட்டா, அங்க விட்டுக் குடுத்ததா ஆயிரும். சர்க்காரு குடுத்துச்சு, குடுக்கட்டும். நான் குடுக்கல."

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எங்களில் யாரும் இன்றுவரை அந்தக் கல்லை நடவில்லை.